மாத்திரை அட்டையின் மறுபாதி

போன புதன்கிழமை எனக்குச் சரியான குட்டு ஒன்று விழுந்தது. வைத்தவர் நீதிபதி இல்லை... ஒரு லேடீஸ் டெய்லர்!

செல்வி என்று பெயர். வளவனூர்க்காரர், கல்யாணமாகி வந்து திண்டிவனத்தில் பிளவுஸ் தைக்கிறார். காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம். விரல்களில் தோலே உரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்துவிட்டார். ஆனால் கத்திரி பிடிக்க முடியாது, ஊசி பிடிக்க முடியாது. கணவர் கோதண்டத்தோடு என் ஆபீசுக்கு வந்தார்.

"கை இப்டியே நின்னுட்டா எங்க பொழப்பு பேஜாராப் பூடும் வக்கீலம்மா. இதுக்கு யாருதான் பதில் சொல்றது?" என்றார் செல்வி.

சும்மா இருப்பேனா? நிமிர்ந்து உட்கார்ந்தேன். புது நுகர்வோர் சட்டத்தில் மருந்து தயாரித்த கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. சில நேரம் விற்ற கடைக்கும் உண்டு. போட வேண்டிய எச்சரிக்கையைப் போடாவிட்டாலே மாட்டிக்கொள்வார்கள். உயிர் வாழும் உரிமையில் ஆரோக்கியமும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது... கால் மணி நேரம் வெளுத்து வாங்கினேன்.

"சரி, எந்தக் கம்பெனி மாத்திரை?"

கோதண்டம் ஒரு பேப்பர் மடிப்பைப் பிரித்தார். உள்ளே நான்கு மாத்திரை இருந்த வெறும் அட்டை. நாம்தான் முழு அட்டை வாங்க மாட்டோமே! "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க" என்போம். கடைக்காரர் கத்திரியால் நறுக்கித் தருவார். கம்பெனி பெயர், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் பேட்ச் நம்பர் எல்லாம் கடையில் இருக்கும் பாதியோடு போய்விடும்.

டாக்டர் சீட்டில் மருந்தின் பெயர் இருந்தது. ஆனால் பேட்டன்ட் காலம் எப்போதோ முடிந்த மருந்து அது. அதனால்தான் நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. அதனாலேயே ஊர்ப்பட்ட கம்பெனிகள் அதைத் தயாரிக்கின்றன. இதில் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது?

"பில்லு?"

"அத யாருங்க கேட்டு வாங்கிக்கினு இருக்காங்க?" என்றார் கோதண்டம்.

"அப்போ கஷ்டம்தான்" என்றேன். இவ்வளவு வாய் பேசிவிட்டு இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. செல்வி அசரவில்லை.

"கடை வரைக்கும் கூட வர்றீங்களா?"

போனோம். கடைக்காரர் ஒரே போடாகப் போட்டார். "எங்க கடை மாத்திரைன்னு எப்டிம்மா சொல்றீங்க? ஊர்ல எத்தினி கடை இருக்கு!"

நான் சட்டப் பிரிவைத் தேடுவதற்குள் செல்வி முந்திக்கொண்டார்.

"அண்ணே, வெட்டின அட்டையெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே, அந்த டப்பாவ எடுங்க."

எல்லா மருந்துக் கடையிலும் இப்படி ஒரு டப்பா உண்டு. நறுக்கியது போக மீந்த அட்டைகள் அதில் கிடக்கும். கடைக்காரர் தயங்கினார். நான் முறைத்தேன். எடுத்தார்.

அதே மாத்திரையின் அட்டைத் துண்டுகளைக் கோதண்டம் ஒவ்வொன்றாக எங்கள் அட்டையோடு சேர்த்து வைத்தார். கட்டுப் போட்ட கைகளை ஒடுக்கிக்கொண்டு செல்வி உற்றுப் பார்த்தார்.

"இது இல்ல... இதுவும் இல்ல... இரு, இரு, அந்தாண்ட இருக்கறத திருப்பி வையி."

வைத்தார். கத்திரி நடுவில் வழுக்கி ஒரு வளைவு விழுந்திருந்தது. வளைவோடு வளைவு அப்படியே பொருந்தியது! மறுபாதியில் ஆறு மாத்திரைகள். ஓரத்தில் கம்பெனி பெயரும் பேட்ச் நம்பரும் பளிச்சென்று இருந்தன.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கத்திரி போன வழி டெய்லருக்குத் தெரியாதா வக்கீலம்மா? கைதான போச்சு, கண்ணு இருக்குதில்ல!"

கடைக்காரர் அந்த மறுபாதியை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்தாயிற்று. அந்த ஆறு மாத்திரையும் பரிசோதனைக்குப் போகிறது. மருந்தில் கோளாறா, செல்வியின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்பதை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். பதில் சொல்ல இப்போது ஒரு கம்பெனி இருக்கிறது. அது போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் முழு அட்டை வாங்க வேண்டாம். பில்லில் கம்பெனி பெயரையும் பேட்ச் நம்பரையும் மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே...

நாம் எல்லாரும் டெய்லரா என்ன?