பதிவு மேசையில் கேட்ட கேள்வி

கொரோனா ஓய்ந்த பிறகு, எங்கள் ஊர்ப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமுக்கு வாரம் ஒருநாள் மனநல டாக்டரை அனுப்ப அரசாங்கம் திட்டம் போட்டது. முதல் நாளைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்வார்கள். ஆள் திரட்டும் வேலை எனக்கு. உப்பளத்துக் கூலி வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான்.

முகாமில் எல்லாரும் இருப்பது பதிவு நாளில்தான். அதிகாரி பெயர் கூப்பிட, ஆள் நேரில் நின்று காட்ட வேண்டும். அன்றைக்கே அந்த மண்டபத்திலேயே, பதிவு எடுத்து முடிந்த அதே மேசையில் டாக்டரம்மாவை உட்கார வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

எல்லாரும் வந்தார்கள். கையில் முகாம் அட்டையோடு, வரிசை பிசகாமல்.

"தூக்கம் வருதாம்மா?"

"வருது."

"மனசுக்குக் கஷ்டமா எதனா?"

"ஒண்டும் இல்லை. நல்லா இருக்கிறம்."

எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். கொரோனாவில் புருஷனைப் பறிகொடுத்த அக்காவும்தான். கட்டி எடுத்துப்போன உடம்பின் முகத்தைக்கூட அவருக்குக் காட்டவில்லை. அன்றிலிருந்து அவர் கண் மூடுவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவருக்காகத்தான் நான் இவ்வளவு அலைந்தேன்.

வெளியே வந்தவரிடம் கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"பதிவு மேசையில இருந்து கேட்டா வேற என்னத்தைத் தம்பி சொல்றது? வருத்தக்காரி, மூளை சரியில்லை எண்டு எழுதிப்போட்டு, நாளைக்கு என்ர பிள்ளைக்கு வெளியில போக அனுமதி இல்லை எண்டா? நீ படிச்சனிதானே, உனக்கு இது விளங்கேல்லையே?"

விளங்கியிருக்கவில்லை.

மறுநாள் திட்ட அதிகாரி, 'இங்கே தேவை இல்லை' என்ற அறிக்கையை நீட்டினார்.

"கையெழுத்து போடுப்பா. நல்லா இருக்கோம்னு அவங்களே சொல்லிட்டாங்க, உனக்கு இன்னா?"

"தப்பு என்னுதுங்க சார். பதிவு நாள்ல வச்சது நான்தான். இதுல போட மாட்டேன்."

"வேலை போச்சுன்னா உப்பு வாரப் போவியா?"

"போறேன் சார். வாரத் தெரியும்."

வீட்டில் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "நீட்டுன பேப்பர்ல எல்லாம் நான் கைநாட்டு வச்சேன். உன்னைப் படிக்க வச்சா, போட மாட்டேன்னுட்டு வர்ற." பிறகு என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

டாக்டரம்மாவிடம் இன்னும் ஒரே ஒரு நாள் கேட்டேன். வந்தார். மேசை இல்லை, பேப்பர் இல்லை, பேனாவைக்கூட நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தண்ணீர்க் குழாயடியில், குடங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வரிசையில் நின்ற பெண்கள் முதலில் டாக்டரம்மாவின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள்.

அக்கா கடைசியாக வந்தார். கையில் அட்டை இல்லை, குடம்தான். அதைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நித்திரை வரேல்லை, டாக்டர்."

நான் தள்ளிப் போய்விட்டேன். குடம் நிறைந்து வழிந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

எழுந்தபோது கேட்டார். "வாற கிழமையும் வருவியளோ?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"வருவாங்க" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை.