உடன் வசிப்பவர்

மாலை நான்கு மணி ஐந்து நிமிடம்.

கள வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. சந்தேகப்படுபவர்கள் வந்து பார்க்கலாம். இருபத்தெட்டு வருடமாகக் கண்ணால் காணாத எதையும் நான் எழுதியதில்லை. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

முதியோர் நல அலுவலகத்தில் நான் கள ஆய்வாளர். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக வாழ்பவர்களுக்கு அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகை உண்டு. உடன் இன்னொருவர் வசித்தால் அது கிடையாது. யார் தனியாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார் என்று நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை.

மனிதர்கள் பொய் சொல்வார்கள். குளியலறை சொல்லாது. நான் முதலில் போவது அங்கேதான். பல் துலக்கும் பிரஷ்களை எண்ணுவேன். பிறகு தலையணை. பிறகு செருப்பு. அலுவலகத்தில் எனக்குப் பெயரே ‘பிரஷ் சார்’தான்.

“பிரஷ் சார் கிளம்பிட்டாரு. இன்னைக்கு யார் வாயில மண்ணோ” என்றாள் எங்கள் உதவியாளர், நான் பையை எடுத்தபோது.

“அரசாங்கப் பணம்மா. உன் வீட்டுக் காசா?”

“எழுபத்தி நாலு வயசு சார் அவங்களுக்கு. இந்த வயசுல ஆளை ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னா, பிடிக்கக் கூடாது சார். மாலை போடணும்.”

அந்த அம்மாவைப் பற்றி வந்திருந்தது பெயர் போடாத ஒரு கடிதம். ‘அந்த அம்மா தனியாக இல்லை. தினமும் ஆண் குரல் கேட்கிறது.’ இரண்டே வரி. கோப்பைப் பார்த்தேன். கணவர் இறந்து ஆறு வருடம். இறப்புச் சான்றிதழ் இருந்தது. பிள்ளைகள் இல்லை. உதவித்தொகை சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். கூடுதல் தொகை அப்படியே வாடகைக்கு. அது நின்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு அரசு விடுதியில் பன்னிரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு கட்டில். அவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

மூன்றாவது மாடி. நாற்பத்திரண்டு படி. கதவுக்கு முன் நின்று உடனே மணியை அழுத்தமாட்டேன். கொஞ்சம் கேட்பேன். அது என் பழக்கம்.

உள்ளே பேச்சு. ஒரு பெண் குரல். ஓர் ஆண் குரல். ஆண் குரல் தாழ்ந்து, நிதானமாக. அது ஏதோ சொல்ல, பெண் குரல் சிரித்தது.

மணியை அழுத்தினேன். பேச்சு நின்றது.

கதவு திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மெலிந்த உடம்பு. பயந்த கண். அடையாள அட்டையைக் காட்டினேன்.

“உள்ள யாரு?”

“யாரும் இல்லை சார். நான்தான்.”

“பேச்சு கேட்டுச்சே.”

“ரேடியோ.”

ரேடியோவைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. மேலே தூசி.

மேசையில் இரண்டு டீ. ஒன்று பாதி குடித்தது. இன்னொன்று நிறைய இருந்தது. மேலே பாலாடை கட்டியிருந்தது. குளியலறையில் இரண்டு பிரஷ்.

“இது?”

“பழசு சார். தூக்கிப் போட மனசு வரலை.”

விரலால் தடவினேன். ஈரம்.

அவர் என் விரலையே பார்த்தார்.

உள்ளறையையும் பார்த்தேன். சிறிய அறை. ஒரு கட்டில், இரண்டு தலையணை. இரண்டிலும் தலை வைத்த குழி. சுவரோடு ஒட்டிய மரப் பீரோ. ஜன்னலுக்குக் கம்பி. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பீரோவைத் திறந்தேன். ஒரு வரிசை ஆண் சட்டைகள், தேய்த்து மடித்தவை.

ஆள் இல்லை.

ஆள் இருக்கிறான் என்பது மட்டும் நிச்சயம். எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் இவ்வளவு சாமர்த்தியமா என்று.

இந்த மாதிரி நேரத்துக்கு என்னிடம் ஒரு வழி உண்டு. வீட்டிலிருப்பவரை ஏதாவது காகிதம் கொண்டுவர வெளியே அனுப்பிவிடுவேன். ஒளிந்திருப்பவர், ஆய்வாளரும் போய்விட்டார் என்று நினைத்து வெளியே வருவார். இதுவரை பதினாறு பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன்.

“இந்த மாச வாடகை ரசீது வேணும்மா.”

“வீட்டுக்காரர்கிட்ட இருக்கு சார். கீழ் வீடு.”

“வாங்கிட்டு வாங்க.” குரலைத் தாழ்த்தினேன். “நான் இங்கயே இருக்கேன்.”

அவர் தயங்கினார். உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை. பிறகு போனார். நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன்.

நான்கு இருபத்திரண்டு. உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

எழுந்து போனேன். கட்டில் விளிம்பில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. படிய வாரிய தலை. இரண்டு கையும் முழங்கால் மேல். அலுவலக வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பவர் போல.

“எங்க இருந்தீங்க இவ்வளவு நேரம்?”

“இங்கதான் தம்பி.”

“நான் இப்பதான் பார்த்தேன். நீங்க இல்லை.”

அவர் லேசாகச் சிரித்தார். சங்கடமான சிரிப்பு.

“எத்தனை நாளா இந்த வீட்ல இருக்கீங்க?”

“எப்பவும் இங்கதான்.”

படிவத்தை எடுத்தேன். கட்டம் ஒன்பது: உடன் வசிப்பவர் உண்டா? பேனாவைத் திறந்தேன்.

“நான் இருக்கேன்னு எழுதினா, அவளுக்கு என்ன ஆகும் தம்பி?”

“கூடுதல் பணம் நின்னுடும்.”

“அப்ப வாடகை?”

“அது என் வேலை இல்லைங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னல் வழியே வெயில் அவர் சட்டை மீது விழுந்தது. துணி அசையவே இல்லை. மூச்சு விடுகிற மார்பு அசையும். அது அப்போது என் மனதில் பதிந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

“வேற வழியே இல்லையா?”

இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் பதில் சொன்னதில்லை. வழி சொல்வது எங்கள் வேலை இல்லை. அன்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“நீங்க வேற விலாசத்துல இருக்கணும். வேற வீடு. ராத்திரி அங்க தங்கணும். அப்ப இவங்க தனி. பணம் நிக்காது.”

“வேற விலாசம்...”

மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“உங்க வீட்ல எத்தனை பேரு?”

நான் தினமும் கேட்கும் கேள்வி. நான் கேட்கும் அதே தொனி. வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

“நான் ஒருத்தன்தான்.”

“ரூம்?”

“ரெண்டு.”

“சரி.”

நான் தலையாட்டுவது போலவே தலையாட்டினார்.

படியில் காலடி. நான்கு முப்பத்தொன்று. வாசல் பக்கம் திரும்பினேன். அந்த அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார், கையில் ரசீது. நான் மறுபடி கட்டிலைப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

குனிந்தேன். பீரோவைத் திறந்தேன். ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தேன்.

“எங்கம்மா போனாரு?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“வேணாம்” என்றார். மிக மெதுவாக.

“நான் கிளம்பறேன். உண்மையை எழுதித்தான் ஆகணும்.”

“வேணாம்... போகாதீங்க. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். போகாதீங்க.”

பணத்துக்காகக் கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். பழகிப்போன கெஞ்சல். ரசீதைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். கதவு வரை ஓடி வந்தார். நான் திரும்பவில்லை.

நாற்பத்திரண்டு படி.

இருபதாவது படியில் நின்றேன்.

எனக்குப் பின்னால் ஒரு காலடி... நின்றது.

பேருந்தில் நல்ல கூட்டம். ஐந்தரை மணி, வேலை விட்டுப் போகும் நேரம். ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலி. யாரும் உட்காரவில்லை. ஒரு பெண் குழந்தையோடு வந்து, இருக்கையைப் பார்த்து, “பரவாயில்லைங்க, நீங்க உட்காருங்க” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். நான்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேனே.

மறுநாள் காலை அறிக்கை கொடுத்தேன். ‘உடன் வசிப்பவர் உண்டு. நேரில் கண்டேன்.’ அந்த அறையில் எங்கோ இன்னொரு வழி இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆள் மறைந்து போனார் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

கூடுதல் தொகை நின்றது. அவர் மேல்முறையீடு செய்தார். இந்த முறை உதவியாளரை அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்து என் மேசை முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேலி இல்லாத முகம். அவளிடம் அதை நான் பார்த்ததே இல்லை.

“சார், அந்தம்மா தனியாத்தான் இருக்காங்க.”

“நல்லா பார்த்தியா?”

“உங்க ஸ்டைல்லயே பார்த்தேன். ஒரு பிரஷ், ஒரு தலையணை, ஒரு டம்ளர். பக்கத்து வீட்லயும் கேட்டேன். முன்னாடி ஆம்பளைக் குரல் கேட்குமாம். நீங்க போன நாள்ல இருந்து கேட்கலையாம்.”

“அனுப்பிட்டாங்க. வேற இடத்துக்கு அனுப்பி வெச்சுட்டாங்க.”

“ஆளே கிடையாது சார். அழுதுக்கிட்டே இருக்காங்க, பாவம். அவங்க வீட்டுக்காரர் போட்டோவை மாட்டியிருக்காங்க. ஆறு வருஷம் கழிச்சு இப்பதான் மாட்டறாங்களாம். இவ்வளவு நாளா ஏன் மாட்டலைன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“தேவைப்படலைன்னாங்க சார்.”

அறிக்கையோடு சேர்க்க வீட்டைப் படம் எடுத்திருந்தாள். கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள்.

கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை.

படிய வாரிய தலை.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “சார், தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள்.

நான் கண்டது பிழை என்று எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. கூடுதல் தொகை மறுபடி அனுமதிக்கப்பட்டது.

என் வீட்டைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். மனைவி போய் நான்கு வருடம். மகள் வேறு ஊரில். இரண்டு அறை. நடு ராத்திரியில் எந்தச் சத்தமும் கேட்பதில்லை, எந்தப் பொருளும் நகர்வதில்லை. அந்த மாதிரி எதுவும் நடந்ததென்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த மாதத்திலிருந்து நான் படுக்கையறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். எதற்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. மகளிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று ஐந்து. அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார்.

நிலுவைத் தொகைக்குக் கையெழுத்து போட வந்திருந்தார். கவுண்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். முகம் தெளிந்திருந்தது. நான் எழுந்து நின்றேன்.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

“இருக்கேன் சார். வீடு போகலை. அதுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

ரசீதைத் தள்ளினேன். நிதானமாகக் கையெழுத்து போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“சார், ஒரு சந்தேகம். வந்து பார்த்துட்டுப் போறது தப்பில்லையே? பகல்ல மட்டும். தங்கறதில்லை.”

“யாரு?”

“நீங்க ஆபீஸ் கிளம்பினதும் வர்றாரு. ஒரு டீ குடிக்கற நேரம்தான். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள அங்க போயிடணும்னு கிளம்பிடறாரு. நீங்க சொன்ன விதியை மீறக் கூடாதாம்.”

என் கை மேசையைப் பிடித்திருந்தது.

அவர் ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தார். வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார். வருத்தம்தான் இருந்தது அந்தக் குரலில். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை.

“ராத்திரி உங்க ரூமை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கறீங்களாமே... ஏன் சார்?”