காலா கில்லாவுக்குக் கட்டிப் போன தயிர்சாதம்

பழைய கற்களைப் பார்த்தால் எனக்கு வீடு வாசல் மறந்துபோகும். ஹம்பியில் ஐந்து நாள் சுற்றியிருக்கிறேன். கன்ஹேரிக் குகைகளுக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கே இல்லை. இடிந்த சுவர் ஒன்றின் முன்னால் நின்று, இங்கே யார் யார் வாழ்ந்தார்களோ என்று உருகுவேன். நான் எப்போது உருகி முடிப்பேன் என்று கணவர் பையோடு காத்திருப்பார். பைக்குள் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். வெளியில் சாப்பிட்டால் வயிறு கெடும் என்பது எங்கள் மாட்டுங்கா வீட்டின் சட்டம்.

இத்தனை ஊர் அலைந்தவள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாராவிக்குள் அறுபது வயதுவரை கால் வைத்ததில்லை. அங்கே பழங்காலக் கோட்டை ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

என் மகன் தாராவியில் பிறந்து வளர்ந்த பெண்ணைக் காதலித்தான். அவளுடைய அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம்; தையல் பட்டறை வைத்திருக்கிறார். சாதி வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச்சொல்லி, அதற்கு முன் அங்கிருக்கும் கோட்டையையும் காட்டுவதாகச் சொல்லி அழைத்திருந்தார்கள்.

முதல் நாளே மகன் என்னை உட்காரவைத்துச் சொன்னான்: "அம்மா, அவா ஆத்துல ஒழுங்கா சாப்பிடணும். இவ்ளோதான். நீ சாப்பிடலேன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்னு அவ சொல்லிட்டா."

"நான் என்ன அந்தக் காலத்து மனுஷியாடா?" என்று கோபித்துக்கொண்டேன். உண்மையாகவே கோபம் வந்தது.

பெண்ணின் அப்பா எங்களை நேரே வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. "அக்காவுக்குப் பழைய எடம்னா உசுருன்னு மாப்ள சொன்னாவ. மொதல்ல காலா கில்லா கோட்டையப் பாத்துட்டுப் போவோம்" என்றார். சந்து சந்தாகப் போனோம். கறுப்புக் கல் சுவர், அதை ஒட்டி வீடுகள், சுவரில் காயும் சட்டைகள். நான் வழக்கம்போல உருகத் தொடங்கினேன்.

"எங்கப்பா மொதமொதல்ல இந்தச் செவுத்த ஒட்டித்தான் குடிசை போட்டாவ. நான் இங்கனதான் பொறந்தேன்" என்றார் அவர்.

நான் தலையாட்டிவிட்டு, கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டேன்.

பட்டறைக்கு மேலே அவர்கள் வீடு. இரும்புப் படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்ணின் அம்மா தட்டுகளை வைத்துப் பரிமாற வந்தார். வெங்காயம்கூடச் சேர்க்காத சமையல். எல்லாம் புதுப் பாத்திரங்கள். சாம்பார் பாத்திரத்தின் பக்கவாட்டில் கடை ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. எங்களுக்காகவே வாங்கியிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் பையைத் திறந்தார். கோட்டை பார்த்துவிட்டு நான் களைத்து உட்கார்ந்தால் டப்பாவை எடுத்து நீட்ட வேண்டும் என்பது முப்பது வருடப் பயிற்சி. மனிதர் கை தவறவில்லை. தயிர்சாதம் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

அவரைத் திட்டிப் பயனில்லை. காலையில் அதைக் கட்டியது நான்தான். கோட்டைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கட்டினேன்.

மகன் தரையைப் பார்த்தான். தண்ணீர்ச் செம்போடு நின்ற பெண் என்னைப் பார்த்தாள்.

"மைனிக்கு வயிறு சரியில்லையோ?" என்று என்னை அண்ணி முறை வைத்துக் கேட்டார் அவள் அம்மா. எனக்குத் தப்பிக்க வழி விட்டுத்தான் கேட்டார். ஆமாம் என்றால் போதும். ஆனால் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தபிறகு பொய் வரவில்லை.

"வயிறெல்லாம் நன்னாத்தான் இருக்கு. கோட்டை, குகைன்னு எங்க போனாலும் கட்டிண்டு போறது பழக்கம்."

பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். "ஆளில்லாத கோட்டைக்குச் சோறு கட்டிட்டுப் போங்க மைனி, நான் ஒண்ணும் சொல்லல. இங்கன நாங்க உசுரோட இருக்கோம்லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. தட்டை முன்னால் நகர்த்தினேன். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பிசைந்து வாயில் வைத்தேன்.

நான் விழுங்கும்வரை அந்தப் பெண் உட்காரவில்லை.