தொட்டிக்குள் இறங்கிய சம்பந்தியம்மா

போன வருஷம் தை மாதம். மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டுக்கு ஜப்பானிலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அங்கே வேலைக்குப் போன என் மகளும், அந்த ஊர்ப் பையன் ஒருவனும் விரும்பிவிட்டார்கள். பையனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். வெந்நீர் ஊற்றுப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக விடுதி நடத்தும் குடும்பம். அந்த அம்மாதான் முதலாளி. தெருவே எங்கள் வாசலில் நின்றது!

எனக்கு மட்டும் ஒரு பயம். அவ்வளவு பெரிய இடத்தில் என் பெண்ணை வேலைக்காரியாக்கிவிடுவார்களோ? மனசு ஒப்பவில்லையென்றால் நேராகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

முதலில் அந்த அம்மா குளிக்க வாளியில் வெந்நீர் விளாவி வைத்தேன். உள்ளே போனவரை வெகுநேரம் காணோம். கதவருகே போய் ஜப்பான் மொழியில் கேட்ட என் மகள் தலையில் கை வைத்தாள்.

"யம்மா, அவங்க தொட்டிக்குள்ள இறங்கி உக்காந்திருக்காவ!"

அவர்கள் வழக்கம் அப்படி. வெளியே சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட்டு, அப்புறம் தொட்டியில் இறங்கி ஊறுவார்களாம். குளியலறையில் நாங்கள் தண்ணீர் பிடித்து வைக்கும் சிமெண்டுத் தொட்டியும் அதற்குத்தான் என்று நினைத்து, மிச்ச வெந்நீரை அதில் ஊற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். வீட்டுக்கே இருந்த தண்ணீர் அது ஒன்றுதான்!

என் வீட்டுக்காரர் குதித்தார். "ஏளா, சாப்பிட ஆள் வாராங்களே, தண்ணிக்கு எங்கன போக?"

"சத்தம் போடாதிய. லாரித் தண்ணி சொல்லுங்க" என்று அடக்கினேன்.

விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன், கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேங்காய் நாரைக் கையில் எடுத்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு தேய்க்க இறங்கிவிட்டார்! சேலையைச் சொருகிக்கொண்டு நானும் இறங்கினேன். மூலையில் இருந்த பாசியைப் பார்த்து எனக்குத்தான் வெட்கம். அவரோ உற்சாகமாகத் தேய்த்தார். விடுதியிலும் தினமும் காலையில் தொட்டி தேய்ப்பது அவர்தானாம்.

மனசில் இருந்ததை மகளை விட்டுக் கேட்டேவிட்டேன். "கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை என் பொண்ணுக்கா?"

அவர் என்னையும் தன்னையும் சுட்டிக் காட்டிச் சிரித்தார். "இப்ப நாம தேய்க்கிற மாதிரி, நானும் அவளும் சேர்ந்து."

அந்த ஈரத் தொட்டிக்குள் நின்றபடியே சம்மதம் சொன்னேன். கடல் தாண்டி மகள் என்ன செய்கிறாளோ என்று மனசு கலங்கும் நாளிலெல்லாம், அவள் பக்கத்தில் இன்னொருத்தியும் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்புதான் இன்றைக்கும் எனக்குத் தைரியம்.