செனட்டருக்குப் பின்னால் நின்றவர்கள்

அமெரிக்க செனட்டர் ஒருவரின் பிறந்த ஊர், படிப்பு, கட்சி எல்லாம் எனக்கு அத்துப்படி. "எர்ணாவூர்ல குந்திக்கினு உனுக்கு எதுக்குய்யா அந்த ஊரு கதை?" என்பாள் வீட்டுக்காரி. எங்கள் மகள் அந்த ஆளின் மாநிலத்தில்தான் வேலை பார்க்கிறாள். கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். அது இந்த மாதிரி ஆட்களின் கையில் இருக்கிறது. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

சோளக்காட்டுக்காரராம். அப்பாவோடு டிராக்டர் ஓட்டினாராம். வக்கீலாகி, மாநிலச் சபைக்குப் போய், அப்புறம் செனட். ஒரு தடவை உட்கார்ந்தால் ஆறு வருஷம். இவர் எழுந்திருக்கவே இல்லை. வரியைக் குறை, துப்பாக்கியைத் தொடாதே, ஞாயிறு தவறாமல் சர்ச். அதெல்லாம் அவர் இஷ்டம். ஆனால் 'வெளியாட்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அதைத்தான் நான் நம்பவில்லை. அந்தக் கையும் டிராக்டர் ஓட்டின கை மாதிரி இல்லை.

எண்ணூர் பக்கம் கம்பெனியில் இருந்தபோது, வாசலில் தொழிலாளர்களைக் கூட்டிப் பேசும் கேட் மீட்டிங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம். பேசுகிறவன் வாயைப் பார்க்க மாட்டோம், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். சூப்பர்வைசரின் மச்சான் நின்றால், பேச்சு எந்த ரூமில் தயாரானது என்று புரிந்துவிடும்.

போன மாதம் செனட்டரின் கூட்டத்தைப் போனில் பார்த்தபோது, பழக்கதோஷம், கண் பின்வரிசைக்குப் போனது. அங்கே என் மகள். அவர் பெயர் எழுதிய அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டுகிறாள். அவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அந்தாளு பின்னால இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"பாத்துட்டியா நைனா? ஆபீஸ்ல எல்லாரும் போனோம். மேனேஜரே வேன் ஏற்பாடு பண்ணாரு. வெளியாளுன்னு செனட்டரு நம்மள சொல்லல நைனா. திருட்டுத்தனமா வந்தவங்களத்தான் சொல்றாரு."

மேனேஜர் வேன். பேச்சு எந்த ரூமில் தயாரானது என்று புரிய எனக்கு வேறென்ன வேண்டும்?

"எங்க கேட்லயும் இதான் சொன்னாங்க கண்ணு. காண்ட்ராக்ட் ஆளுங்களத்தான் வேலைய விட்டு அனுப்பப் போறோம், பெர்மனென்ட்ட இல்லன்னு. ஆளுங்க உச்சி குளுந்து கைதட்டினாங்க. அடுத்த தீபாவளிக்குள்ள எங்க எல்லாரையும் அனுப்பிட்டான்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"கைதட்டாதவங்கள இன்னா பண்ணாங்க நைனா?"

அவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள்.

"சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.