பாகூர் சபையின் வெளிக்கதவு

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். இங்கேயும் அதை எழுதப் போவதில்லை. அப்பா இப்போது இல்லை என்பதால் மற்றதை எழுதலாம். பிரெஞ்சு எல்லைக்குள் பாகூர் சபைக்கு விருந்தாளியாகப் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

அப்பா கடலூரில் வெல்ல வியாபாரி. உள்ளே நடப்பதை வெளியே சொல்லாத ஒரு சகோதர சபைக்கு அங்கே ஒரு கிளை, பாகூரில் ஒரு கிளை. அப்பா கடலூர்க் கிளையின் பழைய உறுப்பினர். மூன்று வருடங்களுக்கு முன் ஆடியில் பக்கவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போயின. மாசியில், பாகூர் சபைக்குப் போக வேண்டும் என்று இடக்கையால் சிலேட்டில் எழுதிக் காட்டினார். கடலூர்ச் சபையில் அவரைக் கதவில் எதுவும் கேட்காமல் உட்கார வைத்துவிடுவார்கள். கேட்கிற இடத்துக்குப் போக நினைத்தாரோ என்னவோ.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஜட்காவில் கிளம்பினோம். சுமார் எட்டு மைல். போய்வர இரண்டு ரூபாய். பெண்ணையாறு தாண்டி, சுங்கச் சாவடியில் பையைத் திறந்து காட்டிய பிறகு மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாகிவிடுகின்றன. எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

"அந்தச் சபையில உள்ளாற இன்னாம்மா பண்றாங்க?" என்றார் வண்டிக்காரர்.

"எனக்குத் தெரியாதுங்க."

"அப்பாருக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். சொல்ல மாட்டார்."

"பாவம், எப்டிச் சொல்லுவாரு."

நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை. அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

பாகூரில் கோவிந்தன் சித்தப்பா வீட்டில் இறங்கினோம். உறவில்லை, பல வருடமாக அப்பாவுக்கு வெல்லம் விற்ற கரும்புக்காரர். "இன்னாண்ணே, இப்டி எளச்சிட்ட" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்து மோர் கொடுத்தார். போன வருடம்தான் இந்தச் சபையில் சேர்ந்தாராம். ஐந்து மணிக்கு அவரே எங்களை ஏரிக்கரைப் பக்கமுள்ள கட்டிடத்துக்குக் கூட்டிப் போனார். அன்று கதவுக் காவல் அவருடையது. உள்ளே போய், கையில் காவல்கோலோடு திரும்பி வந்து வெளிக்கதவில் நின்றார். அப்பாவைப் பார்த்து, "வந்திருப்பவர் யார்?" என்றார்.

விளையாட்டென்று நினைத்தேன். "இப்பத்தானே சித்தப்பா உங்க வீட்ல மோர் குடிச்சோம்?"

"கோவிந்தனுக்கு அண்ணனைத் தெரியும்மா. இந்தக் கதவாண்ட நிக்கிறவனுக்குத் தெரியாது. ஒரு கூட்டத்துலயாவது கூட ஒக்காந்திருந்தாத்தான் நான் சாட்சி சொல்லலாம்."

சந்தா ரசீது சரியாக இருந்தது. அடுத்து, அத்தாட்சிப் பத்திரத்தில் இருப்பது போலவே கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டும்; அந்த வலக்கைக் கையெழுத்தை அப்பாவால் இடக்கையால் போட முடியவில்லை. மீதி இருந்தது சபையின் சொல். வந்தவரே அதைக் காதோடு சொல்ல வேண்டும், எழுதக் கூடாது. வெளியாள் யாராவது சொன்னால், அதை வெளியே விட்டவர் என்று வந்தவரின் பெயரையே நீக்கிவிடுவார்கள்.

அப்பா மாதக்கணக்காக விடியற்காலையில் கொல்லையில் நின்று ஒரே சொல்லைப் பழகிக்கொண்டிருந்தார். என் ஜன்னல் அந்தப் பக்கம். தை மாதத்தில் ஒரு நாள் அது முழுதாக வந்ததைப் படுக்கையிலிருந்தே கேட்டேன்.

கதவில் அது வரவில்லை. உதடுகள் கூடின, காற்றுதான் வந்தது. சித்தப்பா குனிந்த தலையை எடுக்காமல் காத்திருந்தார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்பது என் முகத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல் என்கிறாரா, சொல்லிவிடாதே என்கிறாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வூட்ல போய் இருண்ணே. முடிஞ்சதும் வந்துடறேன்" என்றார் சித்தப்பா, பழைய குரலில்.

தெரிந்தவரைத் தெரியாதவராக்கும் விதி கொடுமையா, அல்லது அப்பா தேடிப் போன மரியாதையே அதுதானா? திரும்பும் வழியெல்லாம் யோசித்தும் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. போகிறவர்கள் ரசீதையும் பத்திரத்தையும் மறக்க வேண்டாம். உங்களோடு கூட்டத்தில் உட்கார்ந்த ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். துணைக்கு வரும் பெண்களை உள்ளே விடமாட்டார்கள்; காத்திருக்க எதிரில் ஒரு வேப்பமரம் உண்டு.

பங்குனியில் கோவிந்தன் சித்தப்பா கடலூர்ச் சபைக்கு வந்து, ஒரு கூட்டம் முழுக்க அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார். சித்திரையில் மறுபடி பாகூர் போனோம். அவர் சாட்சி சொல்ல, கதவு திறந்தது. யாரும் அப்பாவிடம் சொல்லைக் கேட்கவில்லை. நான் வேப்பமரத்தடியில் இருந்தேன்.

அதன் பிறகும் அப்பா விடியற்காலையில் கொல்லைக்குப் போவதை நிறுத்தவில்லை. நான் என் படுக்கையை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டேன்.