புத்தகத்தில் இல்லாத ஐந்தாம் நாள்

அந்தப் புத்தகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், மார்கழித் தொடக்கத்தில், சிதம்பரம் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது கீழவீதிக் கடையில் வாங்கினேன். நம் பண்டிகைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

நான் பத்தாவதோடு நின்றவள். கடலூரில் ஒரு துணிக்கடையில் வேலை. நூலகத்தில் வாய் திறந்து ஒரு புத்தகம் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். சொந்தமாக ஒன்று கையில் இருந்ததே பெருமையாக இருந்தது. ஏழாவது படித்த மகளும் நானும் போட்டி போட்டுக்கொண்டு படித்தோம். ஓணத்துக்குப் போடும் பூக்கோலம், பனி கொட்டும் நாடுகளின் கிறிஸ்துமஸ் எல்லாம் அதில்தான் தெரிந்துகொண்டேன்.

திருவாதிரைக் களி எங்கள் வீட்டில் வழக்கமில்லை. புத்தகத்தைப் பார்த்து, வெல்லம் போட்டுக் கிண்டினேன். எங்களுக்குக் களி என்றால் கேழ்வரகுக் களிதான். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தொட்டுக்கக் கருவாட்டுக் கொழம்பு வைக்கலியா?" என்றார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா, இது சாமிக்குப் படைக்கிற களிப்பா. புத்தகத்துல இருக்கு."

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் அவளுக்குப் புத்தகம்தான்.

பொங்கல் வந்தது. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். அதோடு பொங்கலைப் புத்தகம் முடித்துவிட்டது. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் நடக்கிற ஆற்றுத் திருவிழா இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். ஒரு வரி இல்லை.

சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் அன்றைக்கு வண்டி கட்டி ஆற்றுக்கு வரும். மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் நிற்கும். அன்று அங்கே சிறுவள்ளிக் கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். பார்த்தே இராத பனிக்கு முழுப் பக்கம் கொடுத்தவருக்கு, எங்கள் ஆறு மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? நாங்கள் கும்பிடுவது கும்பிடு இல்லையா?

அதைவிட என்னைச் சுட்டது மகள் சொன்னதுதான். கிளம்பச் சொன்னேன். கட்டிலைவிட்டு எழவில்லை.

"நான் வரலம்மா. புத்தகத்துலயே இல்ல. அதெல்லாம் ஒரு திருவிழாவா? சும்மா சந்தக்கூட்டம்."

இடுப்பில் இருந்த வயதிலிருந்து வருஷம் தவறாமல் வந்தவள். கத்தினேன். அடுத்த வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

"புள்ளைய ஏன் திட்டுற? எழுதுனவனப் போய்த் திட்டு" என்றார் வீட்டுக்காரர்.

"அவன் வூட்டு வாசல் தெரிஞ்சா போவ மாட்டேனா?" என்றேன். கடையில் முதலாளி கூப்பிட்டாலே குரல் வராத நான்தான் அப்படிச் சொன்னேன்.

அவளை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போனோம். சாமிகள் வந்து இறங்கின. என் கண் மட்டும், தோளிலும் இடுப்பிலும் பிள்ளைகளைச் சுமந்து வந்தவர்கள் மேலேயே இருந்தது.

கிழங்கு வாங்கி வந்து உப்புப் போட்டு அவித்தேன். வாசனைக்கு மகள் தானாகவே அடுப்படிக்கு வந்தாள். சூட்டோடு தோலை உரித்து ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள்.

நான் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு பாத்துட்டு வந்து தின்னு."